மாத்திரை தொடங்கி மூன்று வாரமாகிறது, மாற்றமே தெரியவில்லை. நான் பழைய மாதிரி ஆவேனா?

கேள்வி இதுதான்: ஆறேழு மாதமாக மனச்சோர்வு, கூடவே பதற்றம். காலையில் எழுந்திருக்க முடியவில்லை, திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது, பெரிதாக ஒன்றும் மாறவில்லை. வீட்டில் ‘பாசிட்டிவாக யோசி’ என்கிறார்கள். இதிலிருந்து மீள முடியுமா?

முடியும். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. சரியான சிகிச்சை எடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் இதிலிருந்து வெளியே வருகிறார்கள், நானும் வந்திருக்கிறேன், ஒரு முறை அல்ல, இரண்டு முறை. அதற்கப்புறம் உளவியல் படித்து, பல வருடங்களாக ஆலோசகராக இருக்கிறேன். ஆனால் நான் மருத்துவர் இல்லை, அதனால் மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, மாற்றுவது எல்லாம் உங்கள் மருத்துவர் முடிவு. மற்றதை என்னால் முடிந்தவரை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று வாரம். இந்த மாத்திரைகளில் ஒரு கொடுமை இருக்கிறது: பக்கவிளைவு முதல் நாளே வந்துவிடும், பலன் மெதுவாகத்தான் வரும். குமட்டல், தலைவலி, தூக்கம் கலைவது, சிலருக்குப் பதற்றமே கொஞ்சம் கூடுவது, இதெல்லாம் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் வந்து பெரும்பாலும் தானாக அடங்கும். பலன் தெரிய ஆரம்பிக்க இரண்டு முதல் நான்கு வாரம், முழுதாக வேலை செய்கிறதா என்று சொல்ல ஆறு வாரம்வரை கூட ஆகலாம். அதனால் மூன்றாவது வாரத்தில் ‘இது எனக்கு ஒத்துவரவில்லை’ என்று நிறுத்துவது, பாதி வழியில் இறங்கிக்கொள்வது போலத்தான். ஒருவேளை ஆறு வாரம் கழித்தும் அசைவே இல்லையென்றால், அதுவும் உங்கள் தவறோ உங்கள் நோய் தீராதது என்பதன் அடையாளமோ அல்ல. முதல் மாத்திரையிலேயே முழுக் குணம் கிடைப்பவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு டோஸ் மாறும், மருந்து மாறும், கூடவே கவுன்சலிங் சேரும். இதை முன்கூட்டியே யாராவது சொல்லிவிட்டால் எத்தனையோ பேர் நடுவில் கைவிட மாட்டார்கள்.

இந்த மருந்துகள் வந்த கதையே தற்செயலானதுதான். 1950களின் தொடக்கத்தில் காசநோய்க்கு ஐப்ரோனியசிட் என்று ஒரு மருந்தைக் கொடுத்தபோது, நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில், சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மனநல மருத்துவர் வேறு ஒரு நோய்க்காகச் சோதித்த இமிப்ரமின் மனச்சோர்வைக் குறைப்பதைக் கண்டு 1957இல் எழுதினார். இன்று அதிகம் எழுதித் தரப்படும் வகையின் பிரபலமான மருந்தான ஃப்ளுவாக்செடின் அமெரிக்காவில் 1987 கடைசியில்தான் அனுமதி பெற்றது. ‘மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது’ என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். உண்மை அவ்வளவு நேர்கோடு இல்லை. மரபு, பிள்ளைப் பருவ அனுபவம், நீண்ட நாள் மன அழுத்தம், தூக்கம், உடல்நோய், தனிமை எல்லாம் பின்னிக் கிடக்கிறது. ஆனால் எப்படி வேலை செய்கிறது என்பது முழுதாகப் புரியாவிட்டாலும், மிதமான, கடுமையான மனச்சோர்வுக்கு இவை உதவுகின்றன என்பது பலமுறை பார்க்கப்பட்ட விஷயம்.

மாத்திரை பற்றி இன்னும் நான்கு விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நன்றாக ஆனதும் நிறுத்தாதீர்கள், குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது: சீக்கிரம் நிறுத்துபவர்களுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். நிறுத்தும்போதும் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரலாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உங்களுக்கு 25 வயதுக்குள் என்றால் முதல் சில வாரங்கள் வீட்டில் ஒருவர் கூடுதலாகக் கவனித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்த வயதில் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2004லிலும் 2007லிலும் எச்சரித்திருக்கிறது. அப்புறம், எப்போதாவது நாலைந்து நாள் தூக்கமே தேவைப்படாமல், பேச்சு நிற்காமல், பணத்தைத் தண்ணீராகச் செலவழித்து, உலகையே வென்றுவிடலாம் போல இருந்த காலம் உங்கள் வாழ்க்கையில் உண்டா என்று யோசித்துப் பாருங்கள். உண்டென்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அது இருதுருவ நோயாக (பைபோலார்) இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் மனச்சோர்வு மாதிரியே முகம் காட்டும், ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுவது நல்லது.

சரி, இப்போது காலை நேரம். நீங்கள் ‘எழுந்திருக்க முடியவில்லை’ என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு கண்ணாடி ஞாபகம் வந்தது. முதல் முறை நோய் வந்தபோது, குளியலறைக் கண்ணாடி முன்னால் பல்துலக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பேஸ்ட்டின் மூடியைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. மூடியைத் திறந்து, பிதுக்கி, வாயில் வைத்து, மேலும் கீழும் தேய்த்து, கொப்பளித்து, துலக்கியைக் கழுவி, திரும்ப வைத்து... இத்தனை படி இருக்கிறதா ஒரு பல் தேய்ப்பதில் என்று மலைத்துப் போய், துலக்கியை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். படுத்ததும் ஒரு நிம்மதி. பத்து நிமிடத்தில் அந்த நிம்மதி போய், ‘பல் தேய்க்கக்கூட வக்கில்லாதவன்’ என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்று மதியம் நண்பன் கூப்பிட்டான், போனை எடுக்கவில்லை. எடுக்காததால் குற்ற உணர்வு, குற்ற உணர்வால் அடுத்த நாளும் எடுக்கவில்லை.

சோம்பேறித்தனம் வேறு, இது வேறு. சோம்பலில் சுகம் இருக்கும், இதில் இல்லை. உடம்பே கனத்துப் போய், எதிலும் ருசி போய், யோசனையே மெதுவாகிவிடுகிறது. மனச்சோர்வில் பலருக்கு விடிகாலையில் விழிப்பு வந்துவிடுவதும், காலை நேரமே மோசமாக இருந்து சாயங்காலம் கொஞ்சம் தேவலையாக இருப்பதும் நோயின் குணமே. அதனால் காலை ஏழு மணிக்குத் தோன்றுவதை வைத்து வாழ்க்கையைப் பற்றி எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள்.

அந்தக் கண்ணாடி முன்னால் நடந்ததில்தான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது. மனச்சோர்வும் பதற்றமும் இரண்டும் ஒரே தீனியைத் தின்று வளர்கின்றன: தவிர்ப்பது. ஒன்றைத் தவிர்த்ததும் அந்த நிமிடம் நிம்மதி கிடைக்கிறது, அந்த நிம்மதி உண்மையானது, அதனால்தான் மறுபடி மறுபடி தவிர்க்கிறோம். ஆனால் ஒவ்வொரு முறையும் உலகம் ஒரு சாண் சுருங்குகிறது. மனச்சோர்வில் ‘முடியாது’ என்று தவிர்க்கிறோம், பதற்றத்தில் ‘ஏதாவது ஆகிவிடும்’ என்று தவிர்க்கிறோம். இரண்டும் ஒன்றாக வருவது மிகச் சாதாரணம், அதனால் ‘எனக்கு இரண்டு நோய்’ என்று பயப்பட வேண்டாம்.

பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் 1970களில் சொன்னது ஏறக்குறைய இதுதான்: மனிதனுக்கு இதம் தரும் செயல்கள் குறையக் குறைய மனம் சோர்கிறது, மனம் சோரச் சோர செயல்கள் இன்னும் குறைகின்றன. 1996இல் நீல் ஜேக்கப்சன் என்ற உளவியலாளரின் குழு ஒரு காரியம் செய்தது. எண்ணங்களையும் செயல்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சையான அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை முழுதாக ஒரு பகுதியினருக்கும், அதிலிருந்து ‘செயலில் இறக்குவது’ என்ற பாகத்தை மட்டும் பிரித்தெடுத்து வேறு பகுதியினருக்கும் கொடுத்தார்கள். செயலில் மட்டும் இறங்கியவர்களும் முழு சிகிச்சை பெற்றவர்கள் அளவுக்குத் தேறினார்கள். அன்றாடம் இதை நான் கண்ணால் பார்க்கிறேன். ‘ஆசை வரட்டும், அப்புறம் செய்கிறேன்’ என்று காத்திருந்தால் இந்த நோயில் ஆசை வராது. முதலில் செய்ய வேண்டும், ஆசை பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும், அதுவும் தாமதமாக, சொல்லாமல் கொள்ளாமல்.

எப்படித் தொடங்குவது? வெட்கப்படும் அளவுக்குச் சின்னதாக. ‘நாளையிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன்’ என்பது தோற்பதற்கென்றே போடும் திட்டம். ‘மணி எட்டானதும் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போய் வருவேன்’ என்பது திட்டம். மனநிலையைப் பார்த்துச் செய்யாதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். செய்வதற்கு முன் மனம் எப்படி இருக்கிறது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண், செய்த பிறகு ஒரு மதிப்பெண், ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இரண்டிலிருந்து மூன்று ஆகியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மதிப்பெண்ணை எழுதிவைக்காவிட்டால் ராத்திரி ‘இன்று முழுக்க நரகம்’ என்றுதான் நினைவிருக்கும், ஏனென்றால் சோர்ந்த மனம் கெட்டதை மட்டும் சேர்த்துவைக்கும். ஒரு நாளில் மூன்று வகைச் செயலிலிருந்து ஒவ்வொன்று இருந்தால் நல்லது: உடம்பை அசைப்பது, செய்து முடித்த திருப்தி தருவது (ஒரே ஒரு தட்டைக் கழுவுவது போதும்), இன்னொரு மனிதரோடு தொடர்புள்ளது. உடற்பயிற்சியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மனச்சோர்வு உள்ள 156 மூத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு உடற்பயிற்சியும் ஒரு பகுதியினருக்கு மாத்திரையும் மீதிப் பேருக்கு இரண்டுமாகக் கொடுத்து 16 வாரம் கழித்துப் பார்த்தபோது, மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். மாத்திரையைத் தூக்கிப்போட்டுவிட்டு ஓடுங்கள் என்று அர்த்தமில்லை. வாசல்வரை நடப்பதும் ஒரு மருந்து என்றுதான் சொல்கிறேன்.

நெஞ்சு படபடப்புக்கு வருகிறேன். முதல் முறை என்றால் மருத்துவரிடம் காட்டி இதயம் சரியாக இருக்கிறதா என்று ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். சரி என்று சொல்லிவிட்டால், அதை நம்புங்கள், வாராவாரம் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். பேனிக் அட்டாக் என்பது உடம்பின் அபாய மணி, தீ இல்லாதபோது அடிக்கிறது, அவ்வளவுதான். அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. மூச்சு வேகமானால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால்தான் விரல் நுனியும் உதடும் மரத்துப்போய் தலை கிறுகிறுக்கிறது. ‘மூச்சே போகவில்லை’ என்று தோன்றும், உண்மையில் தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருப்பீர்கள். மயக்கம் போட்டு விழுந்துவிடுவேன் என்ற பயம்தான் எல்லோருக்கும், ஆனால் அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் ஏறுகிறது, மயக்கம் வருவதோ அழுத்தம் இறங்கினால்தான். உச்சம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் வந்து, அப்புறம் தானே இறங்கும்.

எனக்கு லிஃப்ட்டில் வரும். கதவு மூடும், உள்ளங்கை ஈரமாகும், இரண்டாவது மாடியிலேயே இறங்கி ஓடி, மீதி ஆறு மாடியைப் படியேறிப் போவேன். ஓடியதும் படபடப்பு அடங்கும், ‘ஓடியதால்தான் பிழைத்தேன்’ என்று மூளை எழுதிவைத்துக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மணி அடிக்கும். இதை மாற்ற ஒரே வழி, மணி அடிக்கும்போது அங்கேயே இருப்பதுதான். என் ஆலோசகர் முதல் வாரம் லிஃப்ட்டின் முன்னால் சும்மா நிற்கச் சொன்னார். அடுத்து, கதவு திறந்திருக்கும்போது உள்ளே ஒரு காலை வைத்து எடுக்க. பிறகு ஒரு மாடி, இரண்டு மாடி. மூன்றாவது வாரம் ஐந்தாவது மாடியைத் தாண்டும்போது படபடப்பு தலைக்கேறியது, பொத்தானை அமுக்கப் போன கையை இழுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன், எட்டாவது மாடியில் கதவு திறந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, ஆனால் நான் ஓடவில்லை. மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுவது உதவும். ஆனால் அதைப் பதற்றத்தை விரட்டும் மந்திரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். பதற்றம் இருக்கட்டும், இருந்தும் நான் இங்கே நிற்கிறேன் என்பதுதான் பயிற்சி. உடனடியாக அடக்கும் பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளைத் தந்திருந்தால், எத்தனை நாளைக்கு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சில வாரங்களுக்கு மேல் போனால் பழக்கமாகிவிடலாம். மது இன்னும் மோசம். ராத்திரி தூங்கவைப்பது போல இருந்து மறுநாள் பதற்றத்தை இரட்டிப்பாக்கும்.

நாள் முழுக்க மனதில் ஓடும் கவலைக்கு, 1980களில் தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளர் சோதித்த ஒரு எளிய வழி உண்டு. தினம் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி, கவலைப்படுவதற்கென்றே ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வரி எழுதி ‘ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவையுங்கள். படுக்கையில் மட்டும் அந்த அரை மணி வேண்டாம். கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும், செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வீட்டில் சொல்லும் ‘பாசிட்டிவாக யோசி’க்கு வருவோம். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என்ன சொல்வதென்று தெரியாமல் சொல்கிறார்கள். ஆனால் அது உதவாது. 1960களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சை கூட நல்லதாக யோசிக்கச் சொல்லவில்லை, சரியாக யோசிக்கச் சொல்கிறது. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் வந்தால் ‘நான் மிகத் திறமைசாலி’ என்று ஒட்டுப்போட வேண்டியதில்லை, உங்களுக்கே நம்பிக்கை வராது. ‘எதற்கும் என்றால் எதற்கு? இந்த வாரம் நான் செய்த ஒரு காரியமாவது உண்டா? இதையே என் தங்கை தன்னைப் பற்றிச் சொன்னால் ஒத்துக்கொள்வேனா?’ என்று கேட்டுப் பாருங்கள், பதிலைத் தாளில் எழுதுங்கள். மனதுக்குள்ளேயே வாதாடினால் சோர்வுதான் எப்போதும் ஜெயிக்கும்.

வீட்டாரிடம் நீங்கள் ஒன்று செய்யலாம்: அறிவுரைக்குப் பதில் ஒரு வேலை கொடுங்கள். ‘எட்டு மணிக்கு என்கூட வாசல்வரை வாருங்கள், பேச வேண்டாம்.’ ‘டாக்டரிடம் போகும்போது கூட உட்காருங்கள்.’ குறிப்பான வேலை கிடைத்தால் பலருக்கு உதவத் தெரிந்துவிடுகிறது.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்: செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணத்தை யாரும் விதைத்துவிட முடியாது, கேட்டால் பலருக்குப் பாரம்தான் இறங்கும். ‘இல்லாமல் போனால் நன்றாயிருக்கும்’ என்ற அளவில் இருந்தாலும் உங்கள் மருத்துவரிடம் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். எப்படி, எப்போது என்று மனம் திட்டம் போட ஆரம்பித்துவிட்டால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், தனியாகவும் இருக்க வேண்டாம். பக்கத்திலிருக்கும் ஒருவரை எழுப்பி, அவசரப் பிரிவுக்கோ உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ உடனே போங்கள். வீட்டில் மாத்திரை இருப்பு உட்பட ஆபத்தானது எதுவானாலும் இன்னொருவர் பொறுப்பில் இருக்கட்டும். அந்த வேகம் அலை போல ஏறி இறங்கும். ஏறியிருக்கும் நேரத்தைத் தாண்டிவிட்டவர்கள் எத்தனையோ பேர் என் எதிரில் உட்கார்ந்து, அன்று தப்பித்ததை நினைத்து அழுதிருக்கிறார்கள்.

மீள்வது எப்படி இருக்கும் என்று கேட்டால், நேராக மேலே ஏறும் கோடு மாதிரி இருக்காது. இரண்டு நாள் நன்றாக, மூன்றாவது நாள் தொப்பென்று. அந்த மூன்றாவது நாள்தான் ஆபத்து, ‘எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது’ என்று தோன்றும். வரவில்லை. நோட்டைப் புரட்டிப் பாருங்கள், போன மாதத்தின் கெட்ட நாளையும் இந்த மாதத்தின் கெட்ட நாளையும் ஒப்பிடுங்கள். பலருக்கு முதலில் தூக்கமும் பசியும் சீராகும், முகத்தில் வந்த தெளிவை வீட்டார் உங்களுக்கு முன்பே கவனிப்பார்கள், எதையாவது ரசிப்பது என்பதுதான் கடைசியில் திரும்பும். எனக்கு அது ஒரு பேருந்தில் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், முன் சீட்டில் ஒரு குழந்தை தன் செருப்பைக் கழற்றிக் காதில் வைத்து ‘ஹலோ’ என்றது. சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான், எத்தனை மாதமாயிற்று என்று உறைத்தது.

பழைய மாதிரி ஆவேனா என்று கேட்டீர்கள். வேலை செய்வது, சிரிப்பது, தூங்குவது, மனிதர்களோடு இருப்பது இதெல்லாம் திரும்ப வரும். ஆனால் பழைய மாதிரியே தூக்கத்தைத் தியாகம் செய்து, எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சுமந்து, வலித்தாலும் வாய் திறக்காமல் ஓடியவராக ஆக வேண்டுமா என்பதை மட்டும் யோசியுங்கள். ஒரு முறை மனச்சோர்வு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் இன்னொரு முறை வரலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை, எனக்கு இரண்டாவது முறை வந்தபோது முதல் முறையைவிடச் சீக்கிரம் வெளியே வர முடிந்தது, காரணம் அடையாளம் தெரிந்திருந்தது. நன்றாக ஆனதும், ஞாபகம் இருக்கும்போதே, உங்களுக்கு நோய் எந்த வழியாக உள்ளே வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். என் தாள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, நான்கே வரி: நண்பர்களின் மெசேஜைத் திறக்காமல் விடுவது, விடிகாலை நான்கு மணிக்கு விழிப்பு, சவரம் செய்யாமல் மூன்று நாள், ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஒரு நாளில் பத்து முறை சொல்வது. இதில் இரண்டு சேர்ந்து ஒரு வாரம் இருந்தால் மருத்துவருக்கு போன் செய்ய வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன், அவர் நம்பரோடு. அந்தத் தாளைப் பற்றி என் மனைவிக்கும் தெரியும்.